'ஈகிள்' அட்டை பையன்களை இழுத்தது எப்படி?

பையன்களுக்கான படக்கதை வார இதழான 'ஈகிள்'-இல் அட்டைப்படம் என்று தனியாக எதுவும் கிடையாது. 1950 ஏப்ரல் 14-ல் பிரிட்டனில் ஹல்டன் பிரஸ் கொண்டுவந்த முதல் இதழிலேயே அப்படித்தான். இடது மேல்மூலையில் சிவப்புக் கட்டத்துக்குள் கழுகுச் சின்னம், மற்றபடி பக்கம் முழுக்க விண்வெளி வீரன் டான் டேரின் கதை. அட்டையில் தொடங்கும் கதை, தாளைத் திருப்பினால் இரண்டாம் பக்கத்தில் வந்து 'தொடரும்' போடும். கடையில் பார்த்த மாத்திரத்தில் பையன் நாலு கட்டம் படித்திருப்பான். மீதிக்கு மூன்று பென்ஸ் கொடுத்துத்தானே ஆகவேண்டும்!

—

அது ஆசிரியர் மார்கஸ் மோரிஸின் சாமர்த்தியம் என்றால், வாராவாரம் பையனைத் திரும்ப வரவைத்தது டான் டேரை வரைந்த ஃபிராங்க் ஹாம்ப்ஸனின் உழைப்பு. விண்கலம் கட்டத்துக்குக் கட்டம் உருவம் மாறினால் சின்னப் பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். அதனால் கலங்களுக்கு மாதிரி செய்து வைத்துக்கொண்டு வரைந்தார்கள். ஆட்களை நிறுத்திப் போட்டோ எடுத்து, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, சட்டை எங்கே மடிகிறது என்று பார்த்துத்தான் தூரிகையைத் தொட்டார்கள். கதையில் வரும் சர் ஹியூபர்ட் கெஸ்ட் முகம் ஹாம்ப்ஸனின் அப்பா முகமேதான். ஒரு வாரத்துக்கு இரண்டு பக்கம் வரைய ஒரு குழுவே உட்கார்ந்தது. அதிகச் செலவுதான், ஆனால் வீண்செலவு என்று சொல்ல மாட்டேன்.

—

பழைய 'ஈகிள்' பிரதி வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். அட்டையின் பின்பக்கமும் கதைதான் என்பதால், அட்டை கிழிந்து போய்விட்ட பிரதியில் டான் டேர் அப்படியே போயிருக்கும். விலை பேசும் முன் முதல் தாளைத் திருப்பிப் பாருங்கள்.

அசலா மறுபதிப்பா என்று பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். அசல் கிராவியூர் அச்சு (உருளையில் வெட்டிய குழிகளில் மை நிரப்பி அடிப்பது), லிவர்பூலில் ஓடியது. அதில் எழுத்தின் ஓரமும் ரம்பப்பல் மாதிரி தெரியும். ஆஃப்செட் மறுபதிப்பில் எழுத்தின் ஓரம் வழுவழுப்பாக இருக்கும், வண்ணப் பகுதியில் மட்டும் புள்ளிகள் பூப்போலக் கூடி நிற்கும்.

கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பசை தாளுக்குள் இறங்கி மஞ்சளாகிவிடும், பிறகு எடுக்க வராது. லேமினேஷனும் வேண்டாம். பாலியெஸ்டர் உறையில், பின்னால் அமிலமில்லாத அட்டை வைத்து, படுக்கைவாக்கில் அடுக்குங்கள். சட்டம் போட்டு வெயில்படும் சுவரில் மாட்டினால் முதலில் வெளுப்பது அந்தச் சிவப்புக் கட்டமாகத்தான் இருக்கும்.