ஆலய உபயப் பதிவேடு: தரவுத்தளம் அமைக்க உதவி தேவை

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் ஆலயத்தில் கணக்கு எழுதுகிறேன். உபயக்காரர் விவரமெல்லாம் எக்செலில் கிடக்கிறது. முனியாண்டி ஐயா மூன்று விதமாக எழுதப்பட்டு மூன்று குடும்பமாகிவிட்டார்! கைப்பேசி எண்களின் முதல் பூஜ்யத்தையும் எக்செல் விழுங்கிவிட்டது.

இலவசம் என்பதால் லிப்ரே ஆபிஸ் பேஸ் என்ற தரவுத்தள மென்பொருளை நிறுவினேன். குடும்பங்களுக்கு ஓர் அட்டவணை, உபயங்களுக்கு இன்னொன்று, இரண்டையும் குடும்ப எண் இணைக்கும் என்பது வரை புரிகிறது.

முதன்மைச் சாவியாக (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் புலமாக) 12 இலக்க அடையாள அட்டை எண்ணை வைக்கலாமா, தானாக ஏறும் எண்ணே போதுமா? 2005இல் பிறந்தவரின் எண் 05 என்று தொடங்கும்; உரை வகையாக வைக்காவிட்டால் அந்தப் பூஜ்யமும் போய்விடும். தவிர, அட்டை எண்ணைக் கொடுக்கப் பாட்டிமார் தயங்குகிறார்கள். நியாயம்தான்.

பெரிய சிக்கல் வேறு. மூன்றாம் நாள் உபயத்தை இரண்டு குடும்பங்கள் சேர்ந்து செய்கின்றன. அதில் ஒரு குடும்பத்துக்கு அன்னதான உபயமும் உண்டு. இதற்கு நடுவில் மூன்றாவது அட்டவணை ஒன்று வேண்டுமா? அதில் என்னென்ன புலங்கள் வைப்பது? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள். ஆடித் திருவிழாவுக்கு முன் ரசீது அச்சிட வேண்டும்.