ஏரிக்காகப் போராடும் பங்குத்தந்தை தேர்தல் நேரத்தில் எதுவரை போகலாம்?

வர்த்தூர்வாசி:
பெங்களூரு கிழக்கில் எங்கள் பங்கு. ஏரியில் கலக்கும் கழிவுநீரை எதிர்த்து ஃபாதர்தான் முன்னால் நிற்கிறார். தேர்தல் நெருங்க நெருங்க, "சாமியாருக்கு அரசியல் எதற்கு?" என்று பேச்சு கிளம்பிவிட்டது. அவர் மேடையேறலாமா? வழக்குப் போடலாமா? வேட்பாளராகவே நிற்கலாமா?

கறுப்புக்கோட்டு:
நிற்பதை நாட்டின் சட்டம் தடுக்கவில்லை. தடுப்பது திருச்சபைச் சட்டம். கத்தோலிக்கக் குரு ஆட்சியதிகாரப் பதவி ஏற்கக் கூடாது (285/3). கட்சிப் பணியும் கூடாது, பொதுநன்மைக்கு அவசியம் என்று திருச்சபை அதிகாரி கருதினால் தவிர (287/2). அதனால் ஆயரிடம் பேசாமல் மனுத்தாக்கல் வரை போகவே வேண்டாம்.

மேடையில் பேசலாம், தாராளமாக. "கழிவுநீர்க் குழாயை எப்போது அடைப்பீர்கள்?" என்று எல்லா வேட்பாளர்களையும் கேட்பது குடிமகனின் உரிமை. மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதுதான் 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)-இன்படி முறைகேடு. வாக்காளரின் மதத்தைச் சொன்னாலும் அப்படித்தான் என்று 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வேட்பாளரின் சம்மதத்தோடு ஃபாதர் அப்படிப் பேசினால், ஜெயித்தவரின் வெற்றியே செல்லாமல் போகலாம்.

இடம் இன்னும் முக்கியம். மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1988 சட்டப்படி வழிபாட்டு நிறுவனத்தின் இடத்தையோ பணத்தையோ அரசியலுக்குப் பயன்படுத்தினால் 5 ஆண்டு வரை சிறை. பங்கு மண்டபமும் அதில் அடக்கம், பலர் கோட்டை விடுவது இங்கேதான். வேட்பாளர் கூட்டம் என்றால் கோயில் வளாகத்துக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபம் பிடியுங்கள்.

ராஜகாலுவெ:
வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகும். தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் 6 மாதக் கெடு, தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். ஏரியைச் சீரமைக்கக் கேட்டால் 15-ஆம் பிரிவு, 5 ஆண்டு. மனுவைப் பங்கின் பெயரில் போடாமல், ஃபாதரும் குடியிருப்போர் சங்கமும் சேர்ந்து போடுவது நல்லது.

முதலில் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கர்நாடக விதிப்படி 150 சொல்லுக்குள், ஒரு மனுவில் ஒரே விஷயம். சர்வே வரைபடத்துக்கு ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நீர்ப் பரிசோதனை அறிக்கைக்கு இன்னொன்று. அறிக்கையில் மாதிரி எடுத்த நேரத்தைப் பாருங்கள். மதியத்தில் பாசி வெளிவிடும் ஆக்சிஜனால் செத்த ஏரியும் நல்ல ஏரி மாதிரித் தெரியும். விடியற்காலையில்தான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கும், மீன் செத்து மிதப்பதும் அப்போதுதான். மீன் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும்.

பழைய மனுக்களைப் பார்த்து "75 மீட்டர் இடைவெளி" என்று எழுதிவிடாதீர்கள். ஏரியைச் சுற்றி அவ்வளவு தூரம் கட்டடம் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

கணக்குப்பிள்ளை:
வெளிநாட்டு நன்கொடைக் கணக்கிலிருந்து இதற்கு ஒரு பைசா எடுக்காதீர்கள். துண்டறிக்கை அச்சிட்ட செலவானாலும் சங்கத்தின் தனிக் கணக்கில், ரசீதோடு இருக்கட்டும்.