ட்ரிகர் வார்னிங், சேஃப் ஸ்பேஸ்: தமிழ்ல என்ன போடலாம்? (திங்கட்கிழமைக்குள்ள வேணும்)

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அவசரம், அதான் நேரா விஷயத்துக்கு வர்றேன். அரசியல் சிந்தனைகள் பத்தின ஒரு தொகுப்புக்கு மொழிபெயர்ப்பு பண்றேன், அதுல ஒரு கட்டுரை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்ல ட்ரிகர் வார்னிங், சேஃப் ஸ்பேஸ் ரெண்டையும் தனிமனித சுதந்திரத்துல அரசு தலையிடக்கூடாதுங்கற லிபர்டேரியன்கள் எப்படிப் பாக்கறாங்கன்னு பேசுது. திங்கட்கிழமை பதிப்பாசிரியர் கைக்குப் போயாகணும். இந்த மூணு சொல்லும் பக்கத்துக்குப் பக்கம் வருது. இப்போதைக்கு 'தூண்டு எச்சரிக்கை', 'பாதுகாப்பு வெளி', 'சுதந்திரவாதி'ன்னு போட்டு வச்சிருக்கேன், எதுவும் வாய்ல ஒட்டல.

தெரியாதவங்களுக்குப் பின்னணி: வகுப்புல ஒரு நாவலையோ படத்தையோ எடுக்கறதுக்கு முன்னாடி 'இதுல பாலியல் வன்முறை வருது'ன்னு மாணவர்கள்கிட்ட சொல்லி வைக்கறதுதான் ட்ரிகர் வார்னிங். பயமோ ஏளனமோ இல்லாம ஆளுங்க கூடிப் பேசறதுக்குன்னு ஒதுக்கற இடம் சேஃப் ஸ்பேஸ். 2014ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான்டா பார்பரா வளாகத்துல மாணவர் பேரவை, இதைப் பாடத்திட்டத்துலயே கட்டாயமாக்கணும்னு தீர்மானம் போட்டுச்சு. 2016 ஆகஸ்ட்ல சிகாகோ பல்கலைக்கழகம் புது மாணவர்களுக்கு எழுதின கடிதத்துல இதை நாங்க ஆதரிக்கல, கருத்துகள்ல இருந்து ஒதுங்கிக்கற சேஃப் ஸ்பேஸையும் ஏத்துக்கலன்னு நேரடியாவே சொல்லிட்டாங்க. கட்டுரை இந்த ரெண்டு முனைக்கு நடுவுல நடக்குது. உதவுங்க.

குடந்தை வாத்தியார் எழுதியது:

அம்மா, 'தூண்டு எச்சரிக்கை' கூடவே கூடாது. அது வினைத்தொகை. தூண்டிய, தூண்டுகின்ற, தூண்டும் எச்சரிக்கைன்னுதான் விரியும், அதாவது எச்சரிக்கையே தூண்டுதுன்னு ஆயிடும். 'தூண்டல் எச்சரிக்கை'ன்னா தூண்டலைப் பற்றிய எச்சரிக்கைன்னு உருபும் பயனும் உடன்தொக்க தொகையா விரிச்சுக் காப்பாத்தலாம், ஆனா அதுவும் எனக்கு உவப்பில்லை. அதோட எச்சரிக்கையே நம்ம சொல் இல்லை, தெலுங்குல ஹெச்சரிகன்னு இருக்கு, அரண்மனைக் கட்டியத்தோட இங்க வந்து உக்காந்துக்கிட்டது.

என் முன்மொழிவு 'வடுக்கிளர் விழிப்புரை'. நாவினாற் சுட்ட வடு ஆறாதுன்னு வள்ளுவர் சொன்னாரே, அந்த வடு. ஆறின மாதிரி தெரியும், சொல் பட்டா கிளரும். சேஃப் ஸ்பேஸுக்கு 'ஏமவெளி'. ஏமம்னா காவல், இன்பம், ரெண்டும். இதே வேர்லதான் ஏமாப்பு, ஏமாத்தல், ஏன் ஏமாறுதல்கூட இருக்கணும்னு பல வருஷமா நினைச்சுட்டு வர்றேன். காவல் உண்டுன்னு நம்பி அந்தக் காவல் மாறிப்போறதுதான் ஏமாறுதல். இதைத் தனி மடல்ல விரிவா எழுதறேன்.

இல்லினாய் மாணவன் எழுதியது:

> இதே வேர்லதான் ஏமாப்பு, ஏமாத்தல், ஏன் ஏமாறுதல்கூட

ஐயா, 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா'ன்னு தொல்காப்பியரே சொல்லிட்டார், தயவுசெஞ்சு அந்தத் தனி மடலை திங்கட்கிழமைக்கு அப்புறம் அனுப்புங்க :)

அக்கா, சொல் தேடறதுக்கு முன்னாடி லிபர்டேரியன்கள் உண்மையில என்ன சொல்றாங்கன்னு தெளிவா வச்சுக்கணும், இல்லன்னா தப்பான சொல் வந்துடும். அவங்க ட்ரிகர் வார்னிங்கை எதிர்க்கறாங்கன்னு பொதுவா நினைக்கறோம், அது பாதிதான். ஒரு பேராசிரியர் தானா விரும்பி 'அடுத்த வாரப் படத்துல கொடுமையான காட்சி இருக்கு'ன்னு சொன்னா அதுல அவங்களுக்கு ஒரு சண்டையும் இல்ல, அது அவரோட பேச்சு, அவரோட வகுப்பு. பேரவையோ நிர்வாகமோ 'சொல்லியே ஆகணும்'னு விதி போட்டாதான் எதிர்ப்பு. அதே கணக்குல 'சொல்லவே கூடாது'ன்னு நிர்வாகம் விதி போட்டாலும் எதிர்க்கணும். சிகாகோ கடிதம் வந்தப்ப அந்தப் பக்கத்துலயே சிலர் இதைத்தான் கேட்டாங்க, கருத்துச் சுதந்திரத்துக்காக எழுதின கடிதம் ஆசிரியரோட சுதந்திரத்தைத் தொடலாமான்னு. ஆசிரியர்கள் விரும்பினா சொல்லிக்கலாம், தடை இல்லன்னு பல்கலைக்கழகம் பிறகு விளக்கம் குடுத்துச்சு.

இன்னொரு மடிப்பும் இருக்கு. சிகாகோ தனியார் பல்கலைக்கழகம், சான்டா பார்பரா அரசு பல்கலைக்கழகம். பேச்சுரிமையைக் காக்கற அமெரிக்க அரசியல் சட்டத்தோட முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் இடம்னா அவங்க சொத்து, அவங்க விதி, பிடிக்காதவன் வேற இடத்துக்குப் போகலாம்னு சொத்துரிமைப் பக்கம் நிக்கற லிபர்டேரியன் சொல்வான். 'சட்டம் கட்டுப்படுத்தலன்னா என்ன, பல்கலைக்கழகம்னு பேர் வச்சா விவாதம் நடக்கணும்'னு இன்னொரு லிபர்டேரியன் சொல்வான். இந்த ரெண்டு பேரும் தங்களுக்குள்ள அடிச்சுக்கறதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி, கட்டுரைல அது வருதான்னு பாருங்க அக்கா.

அதனால 'எச்சரிக்கை' வேண்டாம். அதுல ஒரு அதிகாரத் தொனி இருக்கு, 'எச்சரிக்கை: அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்' மாதிரி. விருப்பமா சொல்றதுக்கும் கட்டாயமா சொல்றதுக்கும் பொதுவா ஒரு சொல் வேணும்.

கோவை டாக்டர் எழுதியது:

தம்பி சொல்றதுல எனக்கு உடன்பாடு, ஆனா காரணம் வேற. போருக்குப் போய் வந்தவங்க, வன்முறைக்கு ஆளானவங்க இவங்களுக்கு வர்ற மனவடு நோயை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980ல தன்னோட மனநோய்க் கையேட்டுல சேர்த்தாங்க. அந்த நோயாளிங்ககிட்ட ட்ரிகர்னு நாங்க சொல்றது பெரும்பாலும் நாவல்ல வர்ற காட்சி கிடையாது. ஒரு டீசல் வாசனை, கதவு அறையற சத்தம், ஒரு சட்டையோட நிறம், இப்படி எதுவும் இருக்கலாம். எந்தப் பேராசிரியராலயும் அதையெல்லாம் முன்கூட்டியே பட்டியல் போட முடியாது. அதைவிட முக்கியம், இந்த முன்னறிவிப்பு பத்தி நடந்த ஆய்வுகளை மொத்தமா எடுத்து 2023ல ஒரு தொகுப்பாய்வு வந்துச்சு. அறிவிப்பு குடுக்கறதால, பாத்த பிறகு வர்ற வேதனை குறையல. ஆளுங்க விலகிப் போகவும் இல்ல. பாக்கறதுக்கு முன்னாடி இருக்கற பதற்றம்தான் கூடுது.

இதை வச்சுக்கிட்டு 'பிள்ளைங்க நடிக்கறாங்க'ன்னு யாராவது சொன்னா அவங்ககூட நான் சேர மாட்டேன். வலி நிஜம். மருந்து வேலை செய்யலங்கறது தனி விஷயம். ரெண்டையும் குழப்பித்தான் இந்த விவாதமே கெட்டுப்போச்சு.

சொல்லுக்கு வர்றேன். நம்ம உளவியல் பாடநூல்கள்ல தூண்டல், துலங்கல்னு ஏற்கனவே நிலைச்சுப் போச்சு, அங்க தூண்டல்னா வெறும் ஸ்டிமுலஸ். அதையே இங்கயும் போட்டா மாணவர்கள் குழம்புவாங்க. 'மனவடு முன்னறிவிப்பு'ன்னு போடுங்க. படிச்ச உடனே புரியும்.

குடந்தை வாத்தியார் எழுதியது:

புரியணும்கறதுக்காக மொழியைத் தண்ணியாக்கணுமா? பேருந்துன்னு சொன்னப்பவும் யாருக்குப் புரிஞ்சது? புழங்கப் புழங்கத்தான் புரியும். முன்னறிவிப்புன்னா நாளைக்கு மழை வரும்கறதுதான் நினைவுக்கு வரும். 'விழிப்புரை'ல உரை இருக்கு பாருங்க, ஆசிரியர் உரைக்கறார், தம்பி கேட்ட விருப்பப் பேச்சு அதுலயே அடங்குது.

இன்னொண்ணு. தமிழுக்கு இந்தக் கருத்து புதுசு இல்லை. அவையல் கிளவியை மறைச்சுச் சொல்லணும்னு தொல்காப்பியம், இடக்கரடக்கல்னு நன்னூல். அவைல இருக்கறவங்க மனசு கூசக்கூடாதுன்னு சொல்றவன் சொல்லை மாத்திக்கிட்டான். மலம் கழுவி வந்தேன்னு சொல்லாம கால் கழுவி வந்தேன்னான்.

இல்லினாய் மாணவன் எழுதியது:

ஐயா, இடக்கரடக்கல் வேற, இது வேற. அங்க சொல்லையே மாத்திடறோம். இங்க சொல்லை அப்படியே வச்சுட்டு முன்னாடி ஒரு வரி சேக்கறாங்க. லிபர்டேரியன் கண்ணுல இந்த வித்தியாசம் ரொம்பப் பெருசு, ஏன்னா அவங்க பயமே முதல்ல அறிவிப்பா வரும், அப்புறம் நூலே பாடத்திட்டத்துல இருந்து போயிடும்கறதுதான். ஓபர்லின் கல்லூரில ஆசிரியர்களுக்குக் குடுத்த வழிகாட்டுதல்ல நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயோட நாவலையே உதாரணமா காட்டியிருந்தாங்க, ஆசிரியர்கள் எதிர்த்ததும் 2014ல திரும்ப எடுத்துக்கிட்டாங்க. ஐயா, வள்ளுவரையே எடுத்துக்கலாமே, 'செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன்'. காது கசக்கற சொல்லைத் தாங்கறவன் குடைக்கீழ்தான் உலகம் தங்கும்னார். உங்க ஏமத்துக்கும் ஒரு குறள் இருக்கு, 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்'. இடிச்சுச் சொல்ல ஆள் இல்லாதவனுக்குத்தான் காவல் இல்லன்னு சொல்றார். எதிர்க்கருத்து உள்ள வர்றதுதான் ஏமம்!

குடந்தை வாத்தியார் எழுதியது:

அந்தக் குறளை நீங்க எடுத்தது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தம்பி. ஆனா அது மன்னனுக்குச் சொன்னது. அதிகாரத்துல இருக்கறவன் தாங்கணும். பதினெட்டு வயசுல வன்முறைக்கு ஆளான ஒரு பொண்ணு வகுப்புல உக்காந்து செவி கைக்கத் தாங்கணும்னு அதுல இருந்து வருமா?

வடமராட்சியான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கனநாளா வாசிக்கிறன், எழுதுறேல்ல. ரொறொன்ரோவில இருந்து எழுதுறன்.

> பாதுகாப்பு வெளி

தங்கச்சி, இதைப் போடாதேங்கோ. எங்கட ஆக்களுக்குப் பாதுகாப்பு எண்ட சொல்லுக்குப் பக்கத்தில இடம், வெளி, வலயம் எண்டு எது வந்தாலும் வேற ஞாபகம்தான் வரும். உயர் பாதுகாப்பு வலயம் எண்டு சொல்லித்தான் ஆமி எங்கட காணியளை எடுத்தது. 2009இல பாதுகாப்பு வலயம் எண்டு அறிவிச்ச புதுமாத்தளன் பக்கம்தான் சனம் ஓடினது, அங்கதான் செல்லும் விழுந்தது. அந்தப் புத்தகத்தை ஈழத்து வாசகரும் வாசிப்பினம். பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சொல் வந்தா என்ர மனிசியால வாசிக்கேலாது. தடை செய்யுங்கோ எண்டு நான் கேக்கேல்ல. தெரிஞ்சுகொண்டு போடுங்கோ எண்டு கேக்கிறன்.

வைகைக்கரை எழுதியது:

அண்ணா, அந்தச் சொல் போச்சு. எடுத்துட்டேன்.

அப்ப என்ன போடறது? 'ஒதுங்கிடம்'னு யோசிச்சேன், மழைக்கு ஒதுங்கற மாதிரி, ஆனா எங்க ஊர்ப்பக்கம் ஒதுங்கறதுன்னா வயக்காட்டுக்குப் போறது. 'அடைக்கலம்' சர்ச் பேர் மாதிரி இருக்கு.

குடந்தை வாத்தியார் எழுதியது:

வடமராட்சியார் சொன்னதுக்கு மறுப்பே இல்லை. ஏமவெளியையும் நான் வலியுறுத்தல.

'புகல்வெளி' எப்படி? புகல்னா தஞ்சம். புகலுதல்னா சொல்லுதலும்தான். தஞ்சம் புகும் வெளி, மனசுவிட்டுப் புகலும் வெளி, வினைத்தொகையா எடுத்தாலும் பெயரா எடுத்தாலும் நிக்கும். இது ஒண்ணை மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேன்.

இல்லினாய் மாணவன் எழுதியது:

ஐயா, இது அருமை. அந்தச் சொல்லோட பழைய வரலாறுக்கு அப்படியே பொருந்துது. 1960கள்ல கலிஃபோர்னியால தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடுற பார்கள், அப்புறம் பெண்ணியக் குழுக்களோட கூட்டங்கள், அங்கல்லாம் போலீஸ் பயமோ ஏளனமோ இல்லாம பேசறதுக்குன்னு உருவானதுதான் சேஃப் ஸ்பேஸ். அரசு தொந்தரவு பண்ணுது, ஆளுங்க தாங்களா கூடித் தங்களுக்குன்னு ஒரு விதி வச்சுக்கறாங்க, இதைவிட லிபர்டேரியன் எதுவும் கிடையாது, கூட்டுச் சேரும் சுதந்திரம்தானே.

சிக்கல் எங்க வருதுன்னா 2014 பிரௌன் பல்கலைக்கழகம். வெண்டி மெக்எல்ராய்னு ஒரு பெண்ணியவாதி, அவங்களே லிபர்டேரியன், பாலியல் வன்முறை பத்தின விவாதத்துக்கு வந்தாங்க. சில மாணவர்கள் அதுக்காக ஒரு அறைல பிஸ்கட், வண்ணம் தீட்டற புத்தகம், தலையணை, நாய்க்குட்டி வீடியோ எல்லாம் வச்சாங்க. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க ஊரெல்லாம். என்னைக் கேட்டா அந்த அறைல ஒரு தப்பும் இல்ல, யாரையும் கட்டாயப்படுத்தல, போறவங்க போனாங்க. எனக்கு உறுத்தறது, பல்கலைக்கழகத் தலைவரே அதே நேரத்துக்கு இன்னொரு சொற்பொழிவு ஏற்பாடு பண்ணினதுதான். அறை ஓரமா இருந்தா புகல். வளாகம் முழுக்க அறையா மாறினா அடுத்தவன் பேச்சுக்கு இடம் இல்ல. 2023ல கார்னெல் பல்கலைக்கழகத்துல மாணவர் பேரவை ட்ரிகர் வார்னிங்கைக் கட்டாயமாக்கச் சொன்னப்ப தலைவர் மறுத்தாங்களே, அங்க வேற மாதிரி நடந்துச்சு.

சட்டத்துக்கும் இதே அளவுகோல்தான். பல்கலைக்கழகப் பேச்சுரிமைக்காக 1999ல தொடங்கின ஃபயர் அமைப்பு மாணவர் பக்கக் கட்டாயங்களை எதிர்த்தாங்க, 2022ல ஃபுளோரிடா அரசு பேராசிரியர்கள் எதைச் சொல்லிக் குடுக்கலாம்னு சட்டம் போட்டப்ப அதுக்கு எதிராவும் வழக்குப் போட்டாங்க.

கோவை டாக்டர் எழுதியது:

புகல்வெளிக்கு என் ஓட்டு. லிபர்டேரியனுக்கு என்ன முடிவு?

வைகைக்கரை எழுதியது:

அதுதான் தெரியல டாக்டர். தாராளவாதின்னா நம்ம ஆளுங்க லிபரல்னு படிப்பாங்க, கட்டுரைல பாதி இடத்துல லிபரலோடதான் சண்டையே. விடுதலைவாதின்னா வேற அரசியல்.

இல்லினாய் மாணவன் எழுதியது:

மூலத்துலயே அது குழப்பம்தான். 1857ல ஜோசஃப் தெஜாக்னு, அரசே வேண்டாம்கற ஒரு பிரெஞ்சு அனார்கிஸ்ட் தன்னைக் குறிக்கப் பயன்படுத்தின சொல், தனியுடைமைக்கே எதிரானவர் அவர். 1950கள்ல அமெரிக்கால தனியுடைமைக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. 'தன்னுரிமைவாதி'ன்னு போடலாம்.

குடந்தை வாத்தியார் எழுதியது:

தன்னுரிமை நல்லா இருக்கு. தன்னாட்சியோட குழம்பாது.

வடமராட்சியான் எழுதியது:

தன்னுரிமை எண்டா எங்களுக்குச் சுயநிர்ணய உரிமை மாதிரிக் கேக்குது. ஆனா காயப்படுத்தாது, போடுங்கோ.

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கோப்புல மாத்திட்டேன்: மனவடு முன்னறிவிப்பு, புகல்வெளி, தன்னுரிமைவாதி. மூணுக்கும் முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் ட்ரிகர் வார்னிங், சேஃப் ஸ்பேஸ், லிபர்டேரியன்னு தமிழ் எழுத்துலயே சேத்துப் போடறேன். பாதுகாப்புங்கற சொல்லை ஏன் பயன்படுத்தலங்கறதை மொழிபெயர்ப்பாளர் குறிப்புல ரெண்டு வரி எழுதறேன், வடமராட்சி அண்ணா சம்மதிச்சா.

வடமராட்சியான் எழுதியது:

எழுதுங்கோ தங்கச்சி. பேர் வேண்டாம்.

குடந்தை வாத்தியார் எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படறேன், ஆனா என் மாற்றுக்கருத்து பதிவாகட்டும். 'மனவடு முன்னறிவிப்பு'ல வடுவை அறிவிக்கறோமா, வடு கிளரப் போறதை அறிவிக்கறோமான்னு இன்னும் தெளிவில்லை. கிளர்தல் இல்லாத சொல் பாதிச் சொல். வடுக்கிளர் விழிப்புரையை அடுத்த பதிப்புக்காவது பரிசீலிக்கணும். ஏமாறுதல் பத்தின மடல் செவ்வாய்க்கிழமை வரும்.