மேரியன் தீவில் செடி அளந்தவர்கள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து

துருவப் பக்கம் செடி ஆராயப் போனவர்கள் உண்டா என்று தங்கை ஒருவர் கேட்டிருந்தார். ஆர்க்டிக்கை நான் கண்டதில்லை. நம் தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மேரியன் தீவுக்குத் தாவர ஆய்வுக் குழுவின் உதவியாளனாகப் போயிருக்கிறேன். கேப்டவுனிலிருந்து தென்கிழக்கே 2,000 கிலோமீட்டருக்கும் அதிகம். மரம் ஒன்றுகூடக் கிடையாது.

அங்கே ராஜா, அசொரெல்லா என்ற மெத்தைச் செடி. கொத்தமல்லிக் குடும்பம் என்று சொன்னால் என் அம்மா இன்றும் நம்புவதில்லை. தரையோடு ஒட்டி, குமிழ் குமிழாக, தட்டினால் கெட்டியாக இருக்கும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். காற்று ஓயாத சரளை மேட்டில் புல்லும் பூச்சியும் அதற்குள்தான் ஒதுங்குகின்றன. 1950களுக்குப் பிறகு தீவின் சராசரி வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. அதனால் மெத்தையின் அளவும் அதன்மேல் முளைக்கும் புல்லும் எப்படி மாறுகின்றன என்று பார்க்கிறார்கள். ஒருவர் நாடா பிடிக்க வேண்டும், மற்றவர் பென்சிலால் எழுத வேண்டும். பேனா அந்த மழைக்கு ஆகாது. எண்ணைக் காதருகே கத்தினாலும் "எத்தனை?" என்றுதான் பதில் வரும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

அண்ணா, கப்பல் ஏறுமுன் நடக்கும் சோதனையை விட்டுவிட்டீர்களே! பைகளின் மூலை, பூட்ஸின் அடி, ஜாக்கெட்டின் வெல்க்ரோ என்று ஒன்றையும் விடாமல் வேக்குவம் போட்டு, இடுக்கியால் விதை பொறுக்குவார்கள். சிலருக்கு எரிச்சல். எனக்கு அதுதான் ஆய்வின் முக்கியமான பகுதியாகத் தோன்றியது. வெளியிலிருந்து வந்த சஜீனா என்ற பொடிச் செடி தீவில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கும் அப்படியே தோன்றும்.

எலிக் கதையும் அதே மாதிரிதான். எலியைப் பிடிக்க 1949இல் ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். அவை ஆயிரக்கணக்கில் பெருகிப் பறவைகளைத் தின்றன. கடைசிப் பூனையை ஒழிக்க 1991 ஆயிற்று. எலி மட்டும் இன்னும் இருக்கிறது. அசொரெல்லாவைக் குடைந்து, உள்ளே வாழும் புழுக்களைத் தின்கிறது.

கேப்டவுனிலிருந்து

கெர்கெலன் முட்டைக்கோஸ் சாப்பிட்டீர்களா என்று என்னை எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. தீவில் வளரும் கடுகுக் குடும்பத்துச் செடி அது. வைட்டமின் சி நிறைந்தது. ஸ்கர்வி என்ற வைட்டமின் குறைபாட்டு நோய் வராமல் இருக்கப் பழைய மாலுமிகள் தின்றார்கள். 1995 முதல் தீவு சிறப்பு இயற்கைக் காப்பகம். மாதிரிக்கு ஓர் இலை கிள்ளவும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

ஆர்க்டிக் பற்றிக் கேட்டவருக்கு: அங்கே சைலீன் என்ற செடி இதே மெத்தை வடிவில் வளர்கிறது. கார்னேஷன் குடும்பம், அசொரெல்லாவுக்கு உறவே இல்லை. குளிரும் காற்றும் இரண்டையும் ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. சைலீன் பெரும்பாலும் மெத்தையின் தெற்குப் பக்கத்தில்தான் முதலில் பூக்கும், வெயில் அங்கிருந்து வருவதால்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து

தங்கைக்கு ஒன்று: குளிர்காலமும் தங்கும் குழுவில் சேர்ந்தால் ஓராண்டுக்கும் மேலாக வீடு திரும்ப முடியாது. வீட்டில் முதலில் பேசிவிடுங்கள். கம்பூட் (ரப்பர் பூட்ஸ்) ஓர் அளவு பெரிதாக எடுங்கள், இரண்டு காலுறை போட வேண்டியிருக்கும்.