வண்டி இடப்பக்கம் இழுத்தது: இரண்டு அலைன்மென்டுக்குப் பிறகு பிடிபட்ட காஸ்டர்

உளுந்தூர்பேட்டையைத் தாண்டித் திருச்சி போகும் நான்குவழிச் சாலை. இருட்டில் பள்ளம் தெரியவில்லை. முன் இடச் சக்கரம் தொம்மென்று இறங்கி ஏறியது. டயர் வெடிக்கவில்லை, ரிம்மும் நெளியவில்லை. பிழைத்தோம் என்றுதான் நினைத்தேன். அன்றிலிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வண்டி இடப்பக்கமே ஒதுங்கியது. திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்புவதிலும் ஒரு சோம்பல்.

இரண்டு கடைகளில் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிபார்க்கும் வேலை, செய்தேன். இருவருமே ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருகி, டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்து, ஸ்டீயரிங்கை நேராக்கி அனுப்பினார்கள். இழுப்பு போகவில்லை. எப்படிப் போகும்? முன்சக்கர டோ தவறினால் டயர் தேயும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். அது மட்டுமே வண்டியை ஒரு பக்கம் இழுத்துவிடாது. அப்போது எனக்கு இது தெரியாது.

மூன்றாவது மெக்கானிக் பழைய அலைன்மென்ட் அளவுகளின் அச்சுத்தாளைக் கேட்டு வாங்கினார். யாரும் படிக்காத வரியில் விரல் வைத்தார்: காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்), வலம் 3.4 டிகிரி, இடம் 2.1. "சைக்கிளின் சீட்டைப் பிடித்துத் தள்ளினாலும் முன்சக்கரம் நேராகப் போகிறதல்லவா? ஃபோர்க் சாய்ந்திருப்பதும் அதற்கு ஒரு காரணம். காரிலும் அந்தச் சாய்வு உண்டு. எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் இழுக்கும்" என்றார். சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் வளைந்து, சக்கரம் சற்றே பின்னுக்குப் போயிருந்தது. என் வண்டியில் காஸ்டரைத் திருகிச் சரிசெய்ய வழியே கிடையாது. ஆர்மை மாற்றியதும் இழுப்பு நின்றது.

பதில்:
எனக்கும் இதே இழுப்புதான், ஆனால் குற்றவாளி டயர். முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் போட்டேன். இழுப்பும் பக்கம் மாறியது. ஒரே திசையில் மட்டும் ஓட வேண்டிய டயர் என்றால் இந்தச் சோதனை வேண்டாம். மழைநீர் வடிய நம் சாலைகள் இடப்புறம் சரிந்திருக்கும் என்பதையும் மறக்காதீர்கள், நண்பரே. சமதளத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பதில்:
நான் ஆசைப்பட்டு வண்டியின் உயரத்தைத் தாழ்த்தியவன். கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் தெரியும் சக்கரச் சாய்வு) மாறி, சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்து, மலைப்பாதை வளைவுகளில் பிடிமானம் அருமையாக இருந்தது. முன் டயர்களின் உள்விளிம்பில் கம்பி தெரிந்த அன்று ஆசை அடங்கியது. கேம்பரைத் திட்டிக்கொண்டே டயரைத் தடவினேன்; ரம்பப் பல்போல உரசியது. அது டோவின் வேலை. தாழ்த்தியபோது டோவும் மாறியிருக்கிறது, நான்தான் அளக்கவே இல்லை.