சென்னை எல்லைச் சாலை ஓரம் நிலம்: வில்லங்கம் சுத்தமாக இருந்தால் போதுமா?

கேள்வி:
சிங்கபெருமாள் கோயில் – மாமல்லபுரம் பகுதியில், எல்லைச் சாலை (பெரிபெரல் ரிங் ரோடு) பக்கம் ஒரு விவசாய நிலம் விலைக்கு வருகிறது. 30 வருட வில்லங்கச் சான்றிதழில் ஒன்றும் இல்லை. பட்டாவும் விற்பவர் பெயரில்தான் இருக்கிறது. சாலைக்கு எடுத்த நிலமா என்பதை எதை வைத்து உறுதி செய்வது?

பதில் 1:
இதற்கு வில்லங்கம் உதவாது சார். சார்பதிவாளரிடம் பதிந்த பத்திரங்கள்தான் அதில் ஏறும். மாநில நெடுஞ்சாலைத் துறை நிலம் எடுப்பது தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001-இன்படி. முதலில் அந்தச் சட்டத்தின் 15(2) பிரிவில் நோட்டீஸ் கொடுத்து உரிமையாளரின் ஆட்சேபணையைக் கேட்பார்கள். அடுத்து 15(1) அறிவிப்பு அரசிதழில் வரும். வந்ததும் 16-ஆம் பிரிவின்படி நிலம் அரசுடையதாகிவிடும். அதற்குப் பிறகு எழுதும் கிரயத்தால் நிலம் உங்களுக்கு வராது. பட்டா மாற ரொம்ப நாள் ஆகும். அந்த இடைவெளியில்தான் தெரியாதவர் தலையில் கட்டுகிறார்கள். நிலமெடுப்பு தனி வட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கிராமம், சர்வே எண், உட்பிரிவு எல்லாம் எழுதி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்கு முன் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

பதில் 2:
உட்பிரிவை விட்டுவிடாதீர்கள். உதாரணத்துக்கு, 112/3-இல் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் அது 112/3ஏ, 112/3பி என்று பிரியும். பழைய பத்திரத்தில் 112/3 முழுசாகவே இருக்கும். புதிய எஃப்.எம்.பி. (நிலத்தின் அளவுகள் உள்ள புல வரைபடம்) நகல் வாங்கி, சர்வேயரை வைத்துக் கல்லுக்குக் கல் அளந்து, மீதி எவ்வளவோ அதற்கு மட்டும் விலை பேசுங்கள்.

பதில் 3:
சாலைக்கு எடுத்த நிலம் எதுவரை என்று தார் விளிம்பை வைத்து முடிவு செய்வதும் தப்பு. இன்னொரு சாலையை உதாரணமாகச் சொன்னால், வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்குத் திட்டமிட்ட அகலம் 122 மீட்டர். அதில் 22 மீட்டர் ரயில் பாதைக்கு, 50 மீட்டர் பிற்கால வளர்ச்சிக்கு. அந்த இடம் போய்ப் பார்த்தால் பொட்டலாகத் தெரியும், ஆனால் விற்க யாருக்கும் உரிமை கிடையாது.

ஜி.எஸ்.டி. சாலை போன்ற பெரிய சாலையைக் கடக்கும் சந்திப்புக்கு அருகே என்றால் இன்னும் கவனம் வேண்டும். மணிக்கு 40 கி.மீ. வேகத்துக்கு ஒரு லூப் (ஒரு சாலையிலிருந்து இன்னொன்றுக்கு வளைந்து செல்லும் சுற்றுப்பாதை) போட, வளைவில் சாலையின் பக்கச் சாய்வு 7%, டயருக்கும் சாலைக்கும் உராய்வு 0.15 என்று கணக்கிட்டால் ஆரம் 57 மீட்டர் வரும். குறுக்களவு மட்டுமே 114 மீட்டர். நேர்ச்சாலை வரைபடத்தில் தப்பிய நிலம் சந்திப்பு வரைபடத்தில் மாட்டும், அதனால் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.