லினக்ஸ் டிரைவர்ல எரர் பாத் (நடுவுல ஏதாவது ஃபெயில் ஆனா, அதுவரை எடுத்தத விட்டுட்டு வெளியேறுற கோடு) சரி பண்ண அனுபவம் இருக்கா? எழுதுங்க

நானே ஆரம்பிக்கிறேன். ஆர்ம் போர்டு ஒண்ணு, டச் ஸ்க்ரீன் சில பூட்ல வேலை செய்யும், சில பூட்ல செய்யாது. லாக்ல டிரைவரோட ப்ரோப் (டிவைஸத் தயார் பண்ண கர்னல் கூப்பிடுற ஃபங்ஷன்) மைனஸ் 16 குடுத்துட்டு படுத்துருக்கு. ஈபிஸி, அதாவது அந்த ஐஆர்க்யூ லைன (டிவைஸ் இன்டரப்ட் அனுப்புற வழி) வேற எவனோ புடிச்சு வச்சிருக்கான். டீம்ல ஆளாளுக்கு டிவைஸ் ட்ரீய (போர்டுல என்னென்ன ஹார்ட்வேர் எங்க இருக்குன்னு சொல்ற ஃபைல்) தொறந்து வச்சுக்கிட்டு அந்த எவனோவத் தேடிட்டு இருந்தாங்க. ஆனா அதுக்கு மேலயே 'ஃப்ளாக்ஸ் மிஸ்மேட்ச்'னு ஒரு லைன் இருந்துச்சு, புதுசா கேக்குறது யாரு, ஏற்கெனவே வச்சிருக்கறது யாருன்னு ரெண்டு பேரையும் கர்னல் அதுல போடும். பார்த்தா ரெண்டுமே நம்ம டச் டிரைவர்தான்!

ப்ரோப் மொதல்ல ரிக்வெஸ்ட் ஐஆர்க்யூ போட்டுட்டு அப்புறமா ரெகுலேட்டர் (டிவைஸுக்குப் பவர் குடுக்குறது) கேக்குது. பவர் சிப் டிரைவர் இன்னும் எந்திரிக்கலைன்னா ரெகுலேட்டர் கெட் மைனஸ் 517 குடுக்கும், ப்ரோப் டிஃபர், கொஞ்சம் கழிச்சு வான்னு. எழுதுனவர் அந்த எடத்துல வெறும் ரிட்டர்ன் போட்டுட்டுப் போயிட்டார், ஃப்ரீ ஐஆர்க்யூ கிடையாது, அதாவது புடிச்ச லைன விடவே இல்ல. கர்னல் ஒழுங்கா மறுபடி ப்ரோப கூப்பிட்டுச்சு, அது தான் விட்டுட்டுப் போன லைன்லயே வந்து முட்டிக்கிச்சு. 2012ல 3.4 கர்னல்ல இந்த டிஃபர் வர்றதுக்கு முன்னாடி ப்ரோப் ஃபெயில்னா பெரும்பாலும் கதை அதோட முடிஞ்சுது, அதனால பழைய டிரைவர்ல எல்லாம் இந்த ஓட்டை சத்தமில்லாம கெடக்கு. ரெகுலேட்டர மேல ஏத்தி, ஐஆர்க்யூவ கடைசிக்குத் தள்ளி, எடுத்த வரிசைக்கு நேர் தலைகீழா விடுற மாதிரி கோ-டூ லேபிள் போட்டேன், சரியாயிடுச்சு.

———

இதுக்கு டெவ்எம் (எடுத்தத கர்னலே தானா விட்டுடுற வசதி) போட்டா போதுமேன்னு யாராவது வருவாங்க, அதான் முந்திக்கிறேன். டெவ்எம் 2007லேர்ந்து இருக்கு, நல்ல விஷயந்தான், ஆனா பாதி டெவ்எம் பாதி கைவேலைன்னு எழுதுனா அதைவிட மோசம் எதுவும் இல்ல. எங்ககிட்ட ஒரு டிரைவர்ல ஐஆர்க்யூவ மட்டும் டெவ்எம்முக்கு மாத்திட்டாங்க, கிளாக் பழையபடி ரிமூவ் ஃபங்ஷன்ல (டிரைவரக் கழட்டும்போது ஓடுறது) கையால ஆஃப் ஆகுது. டெவ்எம் எடுத்ததெல்லாம் ரிமூவ் முடிஞ்சு திரும்புனதுக்கு அப்புறம்தான் விடும், இல்லையா? அந்த சின்ன இடைவெளில ஒரு இன்டரப்ட் வந்தா ஹேண்ட்லர் கிளாக் இல்லாத ரெஜிஸ்டரப் படிக்கும், மொத்த சிப்பும் அப்படியே உறைஞ்சுடும். ஊப்ஸ் (கர்னலோட எரர் மெசேஜ்) கிடையாது, லாக் கிடையாது, வாட்ச்டாக் ரீசெட் பண்றது மட்டும்தான் தெரியும். மாத்துனா முழுசா மாத்துங்க, டெவ்எம்ல இல்லாத ஐட்டத்துக்கு டெவ்எம் ஆட் ஆக்ஷன் ஆர் ரீசெட்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு.

———

நான் அடிக்கடி பாக்குறது இது: பிளாட்ஃபார்ம் கெட் ஐஆர்க்யூ (ஃபெயில் ஆனா மைனஸ் நம்பர் குடுக்கும்) குடுக்குறத அன்சைன்ட், அதாவது மைனஸே வராத வேரியபிள்ல வாங்கி வச்சுட்டு, கீழ 'ஜீரோவுக்குக் கம்மியா'ன்னு செக் பண்ணுவாங்க. அது ஜென்மத்துக்கும் உண்மையாகாது. ஸ்மேட்ச் (கோட ஓட்டாமலே தப்பு தேடுற டூல்) ஓட்டுனா உடனே சொல்லிடும், ஆனா யார் ஓட்டுறா. இன்னொண்ணு, எந்த எரர் வந்தாலும் மைனஸ் ஈநோடெவ், அதாவது டிவைஸே இல்லைன்னு மாத்தி ரிட்டர்ன் பண்றது. உள்ள வந்தது 517ஆ இருந்தா அதுவும் அழிஞ்சுபோய் டிரைவருக்கு மறு வாய்ப்பே கிடைக்காது, கஸ்டமர் ஹார்ட்வேர் செத்துப்போச்சுன்னு போர்டத் திருப்பி அனுப்புவார் 😅 கீழேர்ந்து வந்த நம்பர அப்படியே மேல அனுப்புங்கப்பா.

நல் (காலி) பாயின்டர வாங்கி, எரர் நம்பர எடுக்குற பிடிஆர் எரர்ல போட்டா ஜீரோ வரும், அதாவது சக்ஸஸ்னு. அதையும் ஸ்மேட்ச் புடிக்கும்.

———

முதல் பதிவு போட்ட அண்ணனுக்கு, ரன்டைம் பிஎம் (வேலை இல்லாதப்போ டிவைஸத் தூங்க வைக்கிறது) பத்தி யாரும் சொல்லலையே. பிஎம் ரன்டைம் கெட் சிங்க் ஃபெயில் ஆனாலும் எத்தன பேர் டிவைஸ யூஸ் பண்றாங்கங்கிற கவுன்ட்ட ஏத்திட்டுதான் ஃபெயில் ஆகும், அத எறக்குற புட் போடலைன்னா டிவைஸ் அப்புறம் தூங்கவே தூங்காது, பேட்டரி காலி. 2020ல இதுக்கு ஏகப்பட்ட பேட்ச் வந்துச்சு, அப்புறம் 5.10ல ரிஸ்யூம் அண்ட் கெட்டுன்னு புது ஃபங்ஷன், ஃபெயில் ஆனா அதுவே கவுன்ட்ட எறக்கிடும். நான் ரிவ்யூ பண்ண ஒரு டிரைவர்ல ஒருத்தர் புட் சேத்துருக்கார், அது தெரியாம இன்னொருத்தர் ஃபங்ஷனையும் மாத்திட்டார். ரெண்டும் தனித்தனியா சரி, சேர்ந்தா கவுன்ட் ரெண்டு தடவ எறங்குது.

எரர் பாத் பேட்ச் ரெண்டு லைன்தானேன்னு யாரும் கண்ண மூடிட்டு எடுக்காததுக்குக் காரணம் இருக்கு. மின்னசோட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சி விவகாரத்துல வேணும்னே ஓட்டையோட அனுப்புன பேட்ச் எல்லாம் பாக்குறதுக்கு இப்படி சின்ன ஃபிக்ஸ் மாதிரிதான் இருந்துச்சு, 2021 ஏப்ரல்ல அது வெடிச்சப்போ அந்தப் பல்கலைக்கழக முகவரிலேர்ந்து வந்த 190 பேட்ச ரிவர்ட் பண்ண கர்னல் பராமரிப்பாளர் கிரெக் ஒரு சீரிஸே அனுப்பினார்.

———

தம்பி, ஒரு சந்தேகம், இதையெல்லாம் நீங்க டெஸ்ட் எப்படிப் பண்றீங்க? ஃபெயில் ஆனாத்தானே அந்த கோடே ஓடும்.

———

கர்னல்ல ஃபெயில்ஸ்லேப் (மெமரி கேட்டா வேணும்னே ஃபெயில் பண்ற ஆப்ஷன்) ஆன் பண்ணி பில்ட் பண்ணுங்க. ப்ராக் டைரக்டரிக்குள்ள ஃபெயில்-என்த்னு ஒரு ஃபைல் வரும், அதுல 1னு எழுதிட்டு சிஸ்எஃப்எஸ் (டிவைஸ், டிரைவர் எல்லாம் ஃபைலா தெரியுற எடம்) வழியா டிரைவர டிவைஸோட பைண்ட் பண்ணா மொத மெமரி அலகேஷன் ஃபெயில் ஆகும், அப்புறம் 2, 3ன்னு ஏத்திக்கிட்டே போங்க. சில நம்பர் டிரைவருக்கு வெளிய போய் விழும், விட்டுடலாம். கேசானும் (தப்பா மெமரியத் தொட்டா புடிக்கிறது) கேமெம்லீக்கும் (திருப்பிக் குடுக்காத மெமரியக் காட்டுறது) கூடவே ஆன்ல இருக்கணும், இல்லைன்னா பண்றதே வேஸ்ட். கிளாக் எனேபிள் ஃபெயில் ஆகுறதெல்லாம் இதுல வராது, அதுக்கு நான் கோடுலயே கையால மைனஸ் ஈஐஓ (ஐ/ஓ எரர்) திணிச்சு ஓட்டிப் பாப்பேன். பேட்ச் அனுப்பும்போது அந்த லைன எடுத்துட்டு அனுப்புங்க.